காயலான் கடைச் சாமான் என்று சிரித்தவர்களுக்கு

இது நீளமான பதிவு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிப்பவர்கள் இறங்கிய பிறகு படிக்கவும்.

போன வாரம் என் மேஜை மேல் இருக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு, "வீட்டுக்குப் புது வரவு" என்று எழுதியிருந்தேன். எல்டிஓ-5 டேப் டிரைவ். செகண்ட் ஹேண்ட். ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் கழித்துக் கட்டியதை, என்னிடம் பிளஸ் டூ படித்த ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பிடித்து, போடி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதுக்கு மேல் கமெண்டுகள். "சார், இது விசிஆரா?" "மாமா காயலான் கடை திறக்கப் போறாரு." "பென்ஷன் பணம் போற வழியப் பாருங்கப்பா." பெங்களூரில் கை நிறையச் சம்பளம் வாங்கும் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், இயற்பியலில் இருநூற்றுக்கு இருநூறு எடுத்தவர், இப்படி எழுதினார்: "சார், இந்தக் காலத்துல டேப்பா? எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க."

அவருக்குத்தான் முதல் பதில். நிம்மதியாகத் தூங்கித்தான் தம்பி நான் தொலைத்தேன்.

2019 ஐப்பசியில் ஒரு மழைக்காலை. என் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன். டக், டக், டக் என்று மூன்று முறை சத்தம். அவ்வளவுதான். அதில் 51 குரல் பதிவுகள் இருந்தன. பணி ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக நான் போடியிலும் குரங்கணியிலும் கொட்டகுடியிலும் மெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை பக்கமும் அலைந்து வயதானவர்களிடம் எடுத்தவை. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் இறங்கிய காலத்தைத் தன் அப்பா சொல்லக் கேட்ட ஒரு பெரியவர். குரங்கணிப் பாதையில் கழுதை ஓட்டியவர். 2010 கடைசியில் மதுரை-போடி மீட்டர் கேஜ் ரயில் நின்றபோது ஸ்டேஷனில் நின்று நான் பிடித்த அதன் ஊதல். அப்புறம் என் அத்தை. பதினோரு வயதில் விடியக்காலம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்கு நடந்து போனவர். காய் எடுக்கும்போது பெண்கள் பாடிய பாட்டை எனக்காக எழுபத்தெட்டு வயதில் பாடிக் காட்டினார். நடுவில் இருமினார், சிரித்தார், "போதும்டா, அமத்து" என்றார்.

மதுரையில் ஒரு கடையில் கொடுத்து, செலவழித்து, 19 பதிவுகள் மீண்டன. அத்தை அதில் இல்லை. அப்போது அவர் உயிரோடும் இல்லை.

தப்பு யார் மேல்? என் மேல்தான். முப்பத்திரண்டு ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன், ஒரே ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் வைத்திருந்தேன். ஆனால் கேளுங்கள், அந்தப் பாட்டை நான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியிருந்தேன். ஐந்து வீட்டில் கேட்டு அழுதார்கள். டிஸ்க் போன அன்று ஐந்து வீட்டுக்கும் போன் போட்டேன். ஒருவர் போன் மாற்றிவிட்டார். ஒருவர் இடம் இல்லை என்று "மீடியா" எல்லாம் அழித்துவிட்டார். மற்ற மூவரும் சொன்னது ஒரே வாக்கியம்: "உங்ககிட்டதான் இருக்குமேன்னு நெனச்சேன்."

இதுதான் நம் குடும்பங்களின் பேக்கப் முறை. கல்யாண ஆல்பம் தம்பி வீட்டில் இருக்கும், தாத்தா படம் அக்கா வீட்டில் இருக்கும். போய்க் கேட்டால் அங்கேயும் இல்லை.

நம் பக்கம் இது புதிதில்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931ல் வந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. இன்று பார்க்கலாம் என்றால் ஒரு பிரதிகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. தியேட்டர் தியேட்டராக ஓடிய படம். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்த ஒன்று எப்படித் தொலையும் என்று கேட்டால், அத்தையின் பாட்டு தொலைந்த மாதிரிதான்.

சரி, கிளவுடுக்கு வருவோம். அதை நான் திட்டப் போவதில்லை. என் போன் படங்களும் அங்கே போகின்றன. ஆனால் அதன் பெயர் பேக்கப் இல்லை, ஒத்திசைவு. நீங்கள் இங்கே ஒரு படத்தை அழித்தால் அது அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் சில நாள் கிடக்கும், பிறகு அதுவும் போகும். என் தங்கை பேரன் நாலு வயசு. போனை வாங்கி விளையாடி ஒரு வருடத்துப் படங்களை அள்ளிக் கூடையில் போட்டான். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளை கிளவுடையும் சேர்த்துத்தான் துடைத்தது. கூகுள் போட்டோஸ் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் முதல் தேதியோடு அது முடிந்தது. இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை நீக்கலாம் என்று 2023ல் விதி மாற்றினார்கள். அவர்கள் கம்பெனி, அவர்கள் விதி, அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் அப்பா காலமாகி, பாஸ்வேர்ட் தெரியாமல், துக்கத்தில் இரண்டு வருடம் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இன்றும் அவர் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள். திறக்கத் தெரியாது.

இப்போது பெங்களூர் தம்பி கவனிக்க வேண்டிய இடம். 2011 பிப்ரவரி கடைசியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் மாற்றம் செய்தார்கள். அதில் பிழை. கணக்கைத் திறந்தவர்களில் சிலருக்கு ஒரு கடிதம்கூட இல்லை. மொத்தப் பயனாளர்களில் 0.02 சதவீதம் பேர்தான், ஆனால் அவர்களுக்கு அது நூறு சதவீதம். கூகுளிடம் நகல் இல்லாமலா? பல டேட்டா சென்டர்களில் நகல் வைத்திருந்தார்கள். பிழை அந்த நகல்களையும் தொட்டுவிட்டது. கடைசியில் கடிதங்களை எதிலிருந்து மீட்டார்கள் தெரியுமா? டேப்பிலிருந்து. அதைக் கூகுளே தன் அறிவிப்பில் எழுதியது. டேப் எந்தக் கம்பியிலும் மாட்டாமல் அலமாரியில் இருந்ததால் பிழையால் அதை எட்ட முடியவில்லை. நீங்கள் எந்த மேகத்தைக் காட்டி என் டேப்பைப் பார்த்துச் சிரிக்கிறீர்களோ, அந்த மேகத்துக்குக் கீழே டேப்தான் இருந்தது, தம்பி. ஜெனிவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடம் தன் துகள் மோதல் தரவுகளை இன்றும் டேப்பில்தான் நீண்டகாலத்துக்கு வைக்கிறது. அவர்களும் காயலான் கடைக்காரர்களா?

"எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெண்டு வாங்கி வச்சுக்கலாமே" என்று கேட்டவர்களுக்கு. வாங்குங்கள், ஒன்றுமே இல்லாததற்கு அது கோடி மடங்கு மேல். இருநூறு, முந்நூறு ஜிபி உள்ளவர்கள் டேப் பக்கமே வர வேண்டாம், டிஸ்க் போதும். ஆனால் இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள், இரண்டையும் எப்போதும் கம்ப்யூட்டரில் மாட்டியே வைக்காதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நம் பள்ளி மாணவி ஒருவரின் தரைத்தள வீட்டில் லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையில் சேர்ந்து மூழ்கின. மாட்டியே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2017ல் வான்னாகிரை வந்தபோது மாட்டியிருந்த டிஸ்க்குகளும் சேர்ந்து பூட்டப்பட்டதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டு, இரண்டு வாரம் போல ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள். நாட்டின் பெரிய மருத்துவமனைக்கே அந்தக் கதி.

எனக்கு ஏன் டிஸ்க் போதவில்லை என்பதற்குக் காரணம் நீங்கள்தான். ஆமாம், உறவினர்களே, நீங்கள். உங்கள் கல்யாண விஎச்எஸ் கேசட், காதுகுத்து மினி டிவி கேசட் எல்லாவற்றையும் "மாமா, இத கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க" என்று பையோடு கொண்டுவந்து வைத்தது யார்? டிவி முறையில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். நூற்றுச் சொச்சம் கேசட். அதோடு நான் ஸ்கேன் செய்த பள்ளி குரூப் போட்டோக்கள், 1970களிலிருந்து. நாலு டெராபைட் தாண்டிவிட்டது. நீங்கள் கொடுத்த கேசட்டுகளில் பாதி இன்று ஓடாது. ஆக, உங்கள் கல்யாணம் இப்போது உலகத்தில் என் வீட்டு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. சிரிக்கும்போது இதையும் மனதில் வைத்துச் சிரிக்கவும்.

டேப் என்றால் ஆடியோ கேசட் என்று நினைப்பவர்களுக்கு வாத்தியார் கொஞ்சம் பாடம் நடத்தலாமா? எல்டிஓ-5 கேசட் உள்ளங்கையில் அடங்கும். உள்ளே அரை அங்குல அகலத்தில் 846 மீட்டர் நாடா. 1.5 டெராபைட் கொள்ளும். அந்த அகலத்துக்குள் 1280 தடங்கள். தலை ஒரே சமயத்தில் 16 தடம் எழுதும். அப்படியானால் முழுவதும் எழுத எத்தனை முறை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட வேண்டும்? 1280ஐ 16ஆல் வகுத்தால் 80. எண்பது தரம் 846 மீட்டர் என்றால் 67 கிலோமீட்டருக்கு மேல். போடியிலிருந்து மூணாறு போய்ச் சேரும் தூரம், கிட்டத்தட்ட. அதை மூன்று மணி நேரத்தில் முடிக்கும், விநாடிக்கு 140 எம்பி வேகம். ஆனால் தரவு நிற்காமல் வர வேண்டும். வரவில்லை என்றால் நாடா நின்று, பின்னால் வந்து, மறுபடி வேகம் பிடித்து ஓடும். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப், மெட்டின் பதினேழு வளைவிலும் நின்று ரிவர்ஸ் எடுத்தால் எப்படி இருக்கும்? எஞ்சின் தேயும். டேப்பிலும் தலையும் நாடாவும் தேயும். அதனால் சின்னச் சின்னப் படங்களை நேரடியாக எழுதாமல், முதலில் வேகமான டிஸ்க்கில் ஒரே மூட்டையாகக் கட்டி, பிறகு ஒரே மூச்சில் எழுதுகிறேன். யூபிஎஸ் கட்டாயம். நம் ஊர் கரண்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மூட்டை கட்டும் கருவியின் பெயர் டார். 1979ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. பெயரின் விரிவே 'டேப் ஆர்க்கைவ்'தான். இன்றும் எந்த லினக்ஸிலும் இருக்கிறது, நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய மூட்டையை இன்றைக்கும் பிரிக்கும். என் டெபியன் கம்ப்யூட்டரில் ஒரு பழைய சாஸ் கார்டைச் சொருகி, டிரைவை மாட்டி, பவர் போட்டேன். டிரைவர் சிடி தேடவில்லை, லைசென்ஸ் வாங்கவில்லை, லினக்ஸ் தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. (அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் இருந்ததே, முதல் வாரமே அதை அழித்துவிட்டு சினிமா பார்த்த பிள்ளைகளே, உங்களை நான் மறக்கவில்லை.) ஏதோ ஒரு கம்பெனி மென்பொருளில் பூட்டி வைத்தால், அந்தக் கம்பெனி மூடிய அன்று சாவியும் போய்விடும். டாருக்குச் சாவி கிடையாது.

நல்ல கேள்வி ஒன்றும் வந்தது, என் மைத்துனரிடமிருந்து. "மச்சான், டேப்புல பூஞ்சை புடிச்சதாலதான் விஎச்எஸ் போச்சு. அத மறுபடி டேப்புலயே வைக்கிறீங்களே?" வாயடைத்துப் போனேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே. பூஞ்சைக்கு டிஜிட்டல், அனலாக் பேதம் கிடையாது. ஏலத்துக்குக் குளிரும் ஈரமும் வேண்டும், டேப்புக்கு அந்த ஈரம் எமன். அதனால்தான் அவர் சாந்தன்பாறை தோட்டத்து வீட்டில் ஒரு செட் வைக்கலாம் என்றபோது வேண்டாம் என்றேன். உலர்த்தும் ஸ்டோர் பக்கத்தில் வைக்கலாமே என்றார், அங்கே சூடு. இரண்டும் ஆகாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. விஎச்எஸ்ஸை நகல் எடுக்க எடுக்க மங்கும். எல்டிஓவில் தரவோடு பிழை திருத்தும் குறிகளும் எழுதப்படுகின்றன. சிறு கீறலைத் தானே சரி செய்துகொள்ளும், நகலின் நகலும் மூலம் போலவே இருக்கும். ஆகவே ஒரு செட் இங்கே போடியில், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில், கீழ்வீட்டு உள்ளறையில். மாடி அறை மே மாதம் அடுப்பு. இன்னொரு செட் மதுரையில் மகள் வீட்டில்.

செகண்ட் ஹேண்டா என்று முகம் சுளித்தவர்களுக்கு. புது எல்டிஓ டிரைவ் லட்சக்கணக்கில். அது எனக்கு எட்டாது. இந்தப் பழைய டிரைவும் கார்டும் கேபிளும் சேர்ந்து என் ஒரு மாதப் பென்ஷனில் பாதிகூட ஆகவில்லை. டிரைவ் பழசாக இருக்கலாம். அது எழுதுகோல் மாதிரி, உடைந்தால் வேறு வாங்கலாம். கேசட் பழசாக இருக்கக் கூடாது. அதுதான் ஓலை. கேசட்டுகளைப் புதிதாக, சீல் உடைக்காமல் வாங்கினேன். கடைக்காரரிடம் ஒரு முழு கேசட் எழுதி, முழுவதும் படித்துக் காட்டச் சொல்லி, மூன்று மணி நேரமும் மூன்று மணி நேரமும் உட்காரச் சொன்னேன் நம் மாணவரை. பாவம், டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படிச் செய்யாமல் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். இன்னொருவர் பழைய கேசட்டைக் காந்தம் வைத்து அழித்து மலிவாகப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். ஐயா, கூடவே கூடாது. எல்டிஓ நாடாவில் தலைக்கு வழிகாட்டும் குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்படுகின்றன. காந்தம் காட்டினால் அதுவும் அழிந்து கேசட் குப்பை.

டேப் வைத்தால் மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1998ல் 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகளை யாரோ ஒரு கட்டளையில் அழித்துவிட்டார்கள். டேப் பேக்கப் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அது சரியாகவே எழுதப்படவில்லை. யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. அதனால் மாதம் ஒருமுறை நான் ஏதாவது ஒரு கேசட்டை எடுத்து, ஏதாவது ஒரு கல்யாணத்தைப் பிரித்துப் பார்க்கிறேன். போன மாதம் பெரிய மருமகன் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர் ஃபேனைப் படம் பிடித்திருக்கிறார். அது மூலத்திலேயே அப்படித்தான்.

கடைசியாக என் தங்கை மகள் போன் செய்து கேட்டது. கமெண்டில் போடவில்லை, தயங்கித்தான் கேட்டாள். "மாமா, தப்பா நெனக்காதீங்க. நீங்க இல்லாதப்போ அதை யாரு படிப்பா?"

இதற்கு எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது சரி. எல்டிஓ-5 கேசட்டை எல்டிஓ-7 வரை உள்ள டிரைவ்கள் படிக்கும், எட்டு படிக்காது. இன்னும் பதினைந்து வருடத்தில் இந்த டிரைவ் ரிச்சி தெருவிலும் கிடைக்காமல் போகலாம். கேசட் முப்பது வருடம் தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள்; படிக்க ஆள் இல்லாத கேசட் தாங்கி என்ன பயன்? ஓலைச்சுவடி ஆயிரம் வருடம் தாங்கவில்லை. ஈரம், பூச்சி, இருநூறு முந்நூறு வருடத்தில் பொடியாகும். பாட்டு மிஞ்சியது, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் எழுதியதால். எழுத ஆள் இல்லாத வீட்டுச் சுவடிகள் போயின. என் டேப்புக்கும் அதே கணக்குத்தான், அவள் கேள்விக்கு டிரைவில் பதில் இல்லை.

ஆகவே ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் தமிழில் அச்சடித்த ஒரு தாள் வைத்திருக்கிறேன். என்ன டிரைவ், என்ன கேபிள், என்ன கட்டளை, எந்தக் கேசட்டில் யார் கல்யாணம், யார் குரல். மீண்டு வந்த 19 குரல்கள் எல்லா செட்டிலும் முதலில் இருக்கின்றன. கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ள பிளஸ் டூ போதும். என் தாளைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்துச் சோதித்துவிட்டேன், ஒரே ஒரு இடத்தில் தடுமாறினாள், அதைத் திருத்திவிட்டேன்.

மாட்டுப்பொங்கல் அன்று காலை பத்து மணிக்கு வீட்டில் டிரைவைப் போட்டு வைப்பேன். எனக்கு இரண்டு பேர் வேண்டும், முப்பத்தைந்து வயதுக்குக் கீழே, ஒருவர் உறவில், ஒருவர் மாணவரில். நான் தொட மாட்டேன், நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். தாளைப் பார்த்து நீங்களே ஒரு கேசட்டைப் பிரித்து எடுக்க வேண்டும். பெங்களூர் தம்பி வந்தால் மகிழ்ச்சி. அத்தை பாட்டின் வாட்ஸ்அப் பிரதி ஏதாவது பழைய போனில், பரணில் கிடக்கும் செத்த போனாக இருந்தாலும், யாரிடமாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மதியம் சாப்பாடு இங்கேதான்.